கோவாலாவைத் தூக்கலாமா?

ஆஸ்திரேலியாவுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு இரண்டு ஆசைகள் உண்டு. ஒன்று, கங்காரு துள்ளுவதைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, கோவாலாவைத் தூக்க வேண்டும்.

கங்காருவைப் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும். கோவாலா விஷயம் அப்படி அல்ல. பார்த்தால் மட்டும் போதாது. அதைக் கையில் வாங்க வேண்டும். குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோலத்தில் ஒரு போட்டோ எடுக்க வேண்டும். அதை ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கு எல்லாம் அனுப்ப வேண்டும். அப்போதுதான் பயணம் போன பயன் கிடைத்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

இந்த ஆசையில் குற்றம் இல்லை. அந்தப் பிராணியின் முகம் அப்படிப்பட்டது. பஞ்சுப் பொதி போன்ற உடல். வட்ட முகம். பெரிய காதுகள். கறுத்த, தட்டையான மூக்கு. பார்த்தவுடன் யாருக்கும் தூக்கத் தோன்றும்.

ஆனால், தூக்குவது கோவாலாவுக்குப் பிடிக்குமா? அதை யாராவது கேட்டார்களா?

கேட்டுப் பார்த்த ஓர் இடம் உண்டு. அது சின்ன இடம் அல்ல. கோவாலாவுக்கு என்றே உலகில் முதன்முதலாக ஏற்பட்ட சரணாலயம்!

கதவைத் திறந்தவர்களே மூடினார்கள்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் குயின்ஸ்லாந்து என்ற மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகரம் பிரிஸ்பேன். அந்த நகரில், ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது லோன் பைன் சரணாலயம். "ஒற்றைப் பைன் மரம்" என்பது அந்தப் பெயரின் பொருள்.

1927-ம் ஆண்டு கிளாட் ரீடு என்பவர் இதைத் தொடங்கினார். அப்போது அங்கே இருந்தவை இரண்டே கோவாலாக்கள். ஒன்றின் பெயர் ஜாக். மற்றொன்றின் பெயர் ஜில். இரண்டு, இன்று நூற்றுக்கு மேல் பெருகிவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் மூலம் இதன் பெயர் கடல் கடந்து பரவியது. பிறகு உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்தார்கள். கோவாலாவைத் தூக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை மாதம் அந்தச் சரணாலயம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. "இனிமேல் கோவாலாவைத் தூக்க அனுமதி கிடையாது!" என்பதுதான் அது.

யாரும் வழக்குப் போட்டு நிறுத்தவில்லை. சட்டம் வந்து தடுக்கவும் இல்லை. சரணாலயமே, தானாகவே, நிறுத்தியது. பராமரிப்பாளரோடு கோவாலாவுக்குப் பக்கத்தில் நிற்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், கையில் வாங்க முடியாது. வருகிறவர்களின் விருப்பமே மாறி வருகிறது என்று சரணாலயம் காரணம் சொன்னது. மிருகங்களை அருகில் பார்க்க வேண்டும், ஆனால் அவற்றுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று பலர் விரும்புகிறார்களாம்.

காசு வரும் கதவை யாரும் சும்மா மூடமாட்டார்கள். மூடினால் அதில் ஒரு நியாயம் இருக்க வேண்டும். அந்த நியாயத்தைப் புரிந்துகொள்ள, கோவாலா எப்படி வாழ்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரடி அல்ல!

கோவாலாவை "கோவாலாக் கரடி" என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. கோவாலா கரடி இனத்தைச் சேர்ந்தது அல்ல. கங்காருவைப் போல, வயிற்றில் பை உள்ள பிராணி. இன்று உயிரோடு இருக்கும் பிராணிகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு, வோம்பாட் என்ற வளை தோண்டும் பிராணி.

கோவாலாக் குட்டி பிறக்கும்போது எவ்வளவு பெரிதாக இருக்கும் தெரியுமா? ஒரு மொச்சைக்கொட்டை அளவு! எடை ஒரு கிராம்கூட இராது. கண் திறந்திருக்காது. உடம்பில் ரோமம் இராது. தாயின் வயிற்றில் 35 நாள் மட்டுமே இருந்துவிட்டு வெளியே வருகிறது. பிறந்ததும் தானாகவே ஊர்ந்து போய்த் தாயின் பைக்குள் புகுந்துகொள்கிறது. அங்கே பால் குடித்து வளர்கிறது.

ஆறு மாதம் பைக்குள் வாசம். பிறகு பைக்கு வெளியே தலை நீட்டும். அதன்பிறகு தாயின் முதுகில் சவாரி. ஏறக்குறைய ஒரு வயது ஆகும்வரை தாயை விடாது.

கோவாலாவின் முன்னங்கையில் ஐந்து விரல்கள். அவற்றில் இரண்டு, கட்டைவிரல் போல எதிர்ப்பக்கம் மடங்கும். கிளையை இறுகப் பிடிக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. விரல் நுனியில் மனிதனுக்கு இருப்பது போலவே ரேகைகள் இருக்கின்றன. நகங்கள் கூர்மையானவை.

ஆகவே, கோவாலா பொம்மை அல்ல. மரத்தில் வாழவே பிறந்த காட்டுப் பிராணி.

தைலத் தழையே சாப்பாடு

தமிழ்நாட்டு வீடுகளில் நீலகிரித் தைலம் இருக்கும். சளி பிடித்தால் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிப்பார்கள். அந்தத் தைலம் யூகலிப்டஸ் மரத்தின் தழையில் இருந்து எடுக்கப்படுகிறது. அந்த மரத்தின் தாய்நாடு ஆஸ்திரேலியா. 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டார்கள்.

அந்தத் தழைதான் கோவாலாவுக்குச் சாப்பாடு! காலையிலும் அதே, மாலையிலும் அதே. கோவாலாவின் அருகே போனால் தைல வாசனை வீசும்.

யூகலிப்டஸ் தழையில் நஞ்சு உண்டு. பெரும்பாலான பிராணிகள் அதைத் தின்னமாட்டா. கோவாலாவின் ஈரல் அந்த நஞ்சை முறித்துவிடுகிறது. அதன் குருட்டுக்குடல் மிக நீளமானது. இரண்டு மீட்டர் வரை இருக்கும். நார் நிறைந்த தழையை அங்கே மெதுவாகச் செரிக்க வைக்கிறது.

இந்தத் தழையைச் செரிக்கும் சக்தி குட்டிக்குப் பிறவியிலேயே வருவதில்லை. தழை தின்னும் பருவம் வந்ததும், தாய் தன் குடலில் இருந்து ஒருவகைக் கூழை வெளியே விடுகிறது. குட்டி அதைத் தின்கிறது. செரிமானத்துக்கு வேண்டிய கிருமிகள் அதன் மூலம் குட்டியின் வயிற்றுக்குப் போகின்றன. அதன்பிறகுதான் குட்டியால் தழை தின்ன முடிகிறது.

யூகலிப்டஸில் 700-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. கோவாலா எல்லாவற்றையும் தின்னாது. சில வகைகளை மட்டும் பொறுக்கித் தின்னும். 2015-ம் ஆண்டு சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு நான்கு கோவாலாக்கள் ஆறு மாதக் கடனாக அனுப்பப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய தழையும் ஆஸ்திரேலியாவில் இருந்து விமானத்தில் வந்தது!

சோம்பல் அல்ல, சிக்கனம்

கோவாலா ஒரு நாளில் 18 மணி முதல் 20 மணி நேரம் வரை தூங்குகிறது. "கும்பகர்ணனுக்குத் தம்பி" என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் அது சோம்பேறித்தனம் அல்ல. யூகலிப்டஸ் தழையில் சத்து மிகக் குறைவு. அதைச் செரிக்க வைக்கவே நிறையச் சக்தி செலவாகிறது. வரவு குறைவு. ஆகவே செலவையும் குறைக்க வேண்டும். சம்பளம் குறைந்த வீட்டில் குடும்பத்தலைவி ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிடுகிறாள் அல்லவா? கோவாலாவும் அப்படித்தான். ஓடாது, ஆடாது, மரக் கவட்டையில் உட்கார்ந்து தூங்கும். தூங்கித்தான் அது உயிர் வாழ்கிறது.

கோவாலா பெரும்பாலும் இரவில்தான் விழித்துத் தழை தின்னும். உல்லாசப் பயணிகளோ பகலில் வருகிறார்கள். அதாவது, அது தூங்க வேண்டிய நேரத்தில் வருகிறார்கள். அதை எழுப்பிக் கைமாற்றினால், கணக்குப் பார்த்துச் சேர்த்த சக்தி வீணாகிறது.

கோவாலா பெரும்பாலும் முகத்தில் எதையும் காட்டாது. அதனால் "அதற்கு ஒன்றும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறது" என்று மனிதர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மெல்போர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கவனித்து, 2014-ம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கத்தில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை கூடினாலும், சத்தம் கூடினாலும், கோவாலா எச்சரிக்கையோடு விழித்துப் பார்க்கும் நேரம் கூடுகிறது என்று கண்டார்கள். தொட வேண்டியதே இல்லை. கூட்டமும் கூச்சலும் போதும், அதன் ஓய்வைக் கெடுக்க!

மரம் போல் நில்!

கோவாலாவைத் தூக்கக் கொடுக்கும் இடங்களில் பராமரிப்பாளர் முதலில் ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார். "மரம் போல் நில்லுங்கள். அசையாதீர்கள். கைகளை முன்னால் கோத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்பார். பிறகு கோவாலாவைக் கொண்டுவந்து அந்தக் கைகளின் மேல் உட்கார வைப்பார். அது தோளைப் பிடித்துக்கொள்ளும்.

போட்டோவில் அது ஆசையோடு கட்டிப்பிடிப்பது போலத் தெரியும். உண்மை வேறு. அது மரத்தைப் பிடிப்பது போல மனிதனைப் பிடிக்கிறது. கீழே விழாமல் இருப்பதற்காகப் பிடிக்கிறது. அன்பு என்று மனிதன் நினைப்பது, கோவாலாவுக்குப் பிடிமானம்!

பெரிய மனிதர்களும் இந்த ஆசைக்கு விலக்கு அல்ல. 1986-ம் ஆண்டு போப் ஆண்டவர் 2-ம் ஜான் பால் பிரிஸ்பேனுக்கு வந்தபோது கோவாலாவைக் கையில் வைத்துக்கொண்டார். 2014-ம் ஆண்டு நவம்பரில் அதே நகரில் "ஜி-20" நாடுகளின் தலைவர்கள் மாநாடு நடந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவும், ரஷிய ஜனாதிபதி புதினும் ஆளுக்கொரு முறை கோவாலாவைத் தூக்கினார்கள். அந்தப் படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன.

ஆனால் 1983-ம் ஆண்டு ஒரு மந்திரி உண்மையைப் போட்டு உடைத்தார். அவர் வேறு யாரும் அல்ல. ஆஸ்திரேலியாவின் சுற்றுலா மந்திரி ஜான் பிரவுன்! "கோவாலா மேலே சிறுநீர் கழிக்கும்; நாறும்; பிறாண்டும்; உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி" என்கிற கருத்தில் பேசிவிட்டார். நாடு முழுவதும் ஒரே அமளி. ஊரை அழைக்க வேண்டிய மந்திரியே இப்படிப் பேசலாமா என்று கேட்டார்கள்.

மந்திரி பேசிய முறை சரியல்ல. ஆனாலும் அதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கோவாலா, கடையில் விற்கும் பொம்மை அல்ல. பிடிக்காத இடத்தில் இருந்தால் காட்டுப் பிராணி காட்டுப் பிராணியாகத்தான் நடந்துகொள்ளும்.

ஒரே நாட்டில் இரண்டு சட்டம்

ஆஸ்திரேலியா ஒரே நாடுதான். ஆனால் இந்த விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

சிட்னி நகரம் உள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 1997-ம் ஆண்டு முதல் பார்வையாளர்கள் கோவாலாவைத் தூக்கத் தடை இருக்கிறது. மெல்போர்ன் நகரம் உள்ள விக்டோரியாவிலும் தூக்கக் கூடாது.

குயின்ஸ்லாந்தில் சட்டம் இடம் கொடுத்தது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒரு கோவாலாவை ஒரு நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் தூக்கக் கொடுக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று நாள் இந்த வேலையில் விட்டால், நான்காம் நாள் ஓய்வு கொடுக்க வேண்டும்.

ஆலைத் தொழிலாளிக்கு வேலை நேரம் வைப்பது போல, கோவாலாவுக்கும் வேலை நேரம்! இந்த விதியே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. தூக்குவது கோவாலாவுக்கு விளையாட்டு அல்ல, வேலை. விளையாட்டாக இருந்தால் அதற்கு ஓய்வு நாள் எதற்கு?

மறுபக்கமும் உண்டு

தூக்குவதை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

"சரணாலயத்தில் பிறந்து வளர்ந்த கோவாலாக்களுக்கு மனிதர்களிடம் பழக்கம் உண்டு. பராமரிப்பாளர் பக்கத்திலேயே இருக்கிறார். கோவாலா முரண்டு பிடித்தால் உடனே வாங்கிக்கொள்கிறார். தூக்குவதற்குத் தரும் பணம் தழைக்கும் வைத்தியத்துக்கும் உதவுகிறது. ஒருமுறை தூக்கிய குழந்தை வாழ்நாள் முழுவதும் மிருகங்களை நேசிக்கும்" என்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. சரணாலயம் நடத்தப் பணம் வேண்டும். பராமரிப்பாளர்கள் பலர் கோவாலாவைப் பெற்ற பிள்ளை போலப் பார்க்கிறார்கள்.

ஆனால் நேசத்துக்குத் தூக்குவது ஒன்றுதானா வழி? யானையை யாரும் மடியில் வைத்தது இல்லை. அதை நேசிக்காத குழந்தை உண்டா? மயிலை யாரும் மார்போடு அணைத்தது இல்லை. அது தோகை விரித்தால் ஊரே கூடி ரசிக்கிறது. ரசிக்கக் கண் போதும்.

பணம் வேண்டும் என்றால், பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் பணம் வாங்கலாம். லோன் பைன் அந்த வழிக்குத்தான் மாறியது.

1927: ஒரே ஆண்டு, இரண்டு காட்சிகள்

லோன் பைன் சரணாலயம் பிறந்த 1927-ம் ஆண்டை மறக்கக் கூடாது. அதே ஆண்டு, அதே குயின்ஸ்லாந்தில், இன்னொரு காரியமும் நடந்தது.

அந்தக் காலத்தில் கோவாலாவின் தோலுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை கிடைத்தது. ரோமம் அடர்ந்த தோலில் குளிர்காலக் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் செய்தார்கள். 1927 ஆகஸ்டு மாதம் முழுவதும் கோவாலாவை வேட்டையாடலாம் என்று குயின்ஸ்லாந்து அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அந்த ஒரே மாதத்தில் சுமார் 6 லட்சம் கோவாலாக்கள் கொல்லப்பட்டன! "கறுப்பு ஆகஸ்டு" என்று ஆஸ்திரேலியர்கள் அதை இன்றும் சொல்கிறார்கள்.

மக்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் கண்டித்தன. பாதிரியார்கள் கண்டித்தார்கள். அதன்பிறகு குயின்ஸ்லாந்தில் கோவாலா வேட்டைக்கு அனுமதி கொடுக்கப்படவே இல்லை.

ஒரு பக்கம் 6 லட்சம் சாவு. இன்னொரு பக்கம் இரண்டே இரண்டு கோவாலாக்களுக்கு அடைக்கலம். சரணாலயத்தின் முதல் வேலை காப்பாற்றுவது. போட்டோ பிறகு வந்த பழக்கம். பிறகு வந்த பழக்கத்தை நிறுத்தினால் முதல் வேலை கெட்டுவிடாது.

இன்றைய ஆபத்து

துப்பாக்கி போய்விட்டது. ஆபத்து போகவில்லை.

வீடு கட்டவும், சாலை போடவும், மாடு மேய்க்கவும் யூகலிப்டஸ் காடுகளை வெட்டுகிறார்கள். ஒரு மரத்தில் இருந்து இன்னொரு மரத்துக்குப் போகக் கோவாலா தரையில் இறங்குகிறது. கார் மோதுகிறது, நாய் கடிக்கிறது. இன்னொரு பக்கம் கிளமிடியா என்ற நோய். அது கண்ணைக் குருடாக்குகிறது. குட்டி ஈனும் சக்தியையும் அழிக்கிறது.

2019-20-ம் ஆண்டுக் கோடையில் ஆஸ்திரேலியாவில் பெரும் காட்டுத்தீ பரவியது. இறந்தவை, காயம் அடைந்தவை, இருப்பிடம் இழந்தவை எல்லாம் சேர்த்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோவாலாக்கள் பாதிக்கப்பட்டதாக உலக வனவிலங்கு நிதியம் மதிப்பிட்டது. இதே நிலை நீடித்தால் 2050-ம் ஆண்டுக்கு முன்பே நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் கோவாலாவே இராது என்று அந்த மாநிலச் சட்டசபை விசாரணைக் குழு 2020-ல் எச்சரித்தது. 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர் கான்பெரா பகுதி ஆகிய இடங்களின் கோவாலாக்களை "அழியும் ஆபத்தில் உள்ள பிராணி" என்று மத்திய அரசாங்கம் அறிவித்தது.

நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பரில் கிளமிடியா நோய்க்கு எதிரான கோவாலா தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. அதே மாதம், கோவாலாவுக்காக மாபெரும் தேசியப் பூங்கா அமைக்க 4 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான காட்டை ஒதுக்குவதாக நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் அறிவித்தது. அந்தக் காட்டில் மரம் வெட்டுவதையும் நிறுத்தியது.

கோவாலாவுக்கு வேண்டியது மனிதனின் மடி அல்ல, மரம். இதை உல்லாசப் பயணிகள் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீர் கொடுத்தாலும் ஆபத்து

அன்பு மட்டும் இருந்தால் போதாது; அறிவும் வேண்டும். இதற்கு ஓர் உதாரணம்.

காட்டுத்தீ எரிந்த அந்தக் கோடையில், தாகத்தால் தவித்த கோவாலாக்களுக்குப் பலர் பாட்டிலில் இருந்து தண்ணீர் ஊற்றினார்கள். படம் எடுத்துப் பரப்பினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மிருக வைத்தியர்களோ பதறினார்கள். "தலையை நிமிர்த்தி வாயில் ஊற்றாதீர்கள்! தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து. ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தரையில் வையுங்கள்" என்று எச்சரித்தார்கள்.

நினைத்தது உதவி. நடந்திருக்கக்கூடியது கொலை!

காட்டுப் பிராணிகளைத் தொடுவதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. 2025 மார்ச் மாதம் அமெரிக்கப் பெண் ஒருவர் ஆஸ்திரேலியாவில் சாலையோரம் நின்ற வோம்பாட் குட்டியைத் தாயிடம் இருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓடினார். படம் பிடித்து வெளியிட்டார். தாய் பின்னாலேயே ஓடிவந்தது. நாடே கொதித்தது. பிரதமரே கண்டித்தார். அந்தப் பெண் நாட்டை விட்டுப் புறப்பட்டுப் போனார்.

எப்படிப் பார்ப்பது?

தூக்காமல் கோவாலாவை ரசிக்க முடியுமா? தாராளமாக முடியும்.

விக்டோரியாவில் பிலிப் தீவு என்று ஓர் இடம். அங்கே கோவாலாப் பாதுகாப்பு வனம் இருக்கிறது. மரங்களின் உயரத்துக்கே பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். மெதுவாக நடந்து போனால், கிளையில் தூங்கும் கோவாலாவை நேருக்கு நேராகப் பார்க்கலாம். குயின்ஸ்லாந்தின் மாக்னெட்டிக் தீவில், மலைப்பாதையில் நடந்து போகிறவர்கள் காட்டுக் கோவாலாவையே பார்க்கிறார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் போர்ட் மக்குவாரி என்ற ஊரில் கோவாலாவுக்கு என்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1973-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. கார் மோதியவை, தீயில் வெந்தவை, கண் நோய் கண்டவை எல்லாம் அங்கே சிகிச்சை பெறுகின்றன. உல்லாசப் பயணிகள் போய்ப் பார்க்கலாம். ஒரு கோவாலாவைக் காப்பாற்ற எத்தனை பேர் பாடுபடுகிறார்கள் என்று அங்கே தெரியும்.

போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில:

மெதுவாகப் பேச வேண்டும். குழந்தைகள் கத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூங்கும் கோவாலாவைத் தட்டி எழுப்பக் கூடாது. கைதட்டக் கூடாது. கம்பியை ஆட்டக் கூடாது.

படம் எடுக்கும்போது விளக்கு மின்னக் கூடாது.

பராமரிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே தொட வேண்டும். அவர் காட்டிய இடத்தில், அவர் சொன்னபடி தொட வேண்டும்.

கோவாலாவுக்கு எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது.

கோவாலா வாழும் பகுதிகளில் மாலையிலும் இரவிலும் காரை மெதுவாக ஓட்ட வேண்டும். அடிபட்ட கோவாலாவைக் கண்டால் தாங்களே தூக்காமல், உள்ளூர் மீட்புக் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும்.

டிக்கெட் வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். "இங்கே கோவாலாவை எப்படி வைத்திருக்கிறீர்கள்? நோயுற்ற கோவாலாக்களைக் காப்பாற்றுகிறீர்களா? காடு வளர்க்க உதவுகிறீர்களா?" என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் பெருகினால் நடத்துகிறவர்களும் மாறுவார்கள். லோன் பைன் மாறியதும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

சிட்னியிலும் மெல்போர்னிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. பேரன் பேத்தியைப் பார்க்க ஊரில் இருந்து தாத்தா பாட்டி போகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மிருகக்காட்சிசாலைக்கும் போகிறார்கள். "தாத்தா, கோவாலாவைத் தூக்கணும்!" என்று பேத்தி அடம்பிடிக்கலாம்.

அப்போது தாத்தா என்ன சொல்ல வேண்டும்? "அது தூங்குதும்மா. உன்னை நடு ராத்திரியில் எழுப்பி, ஊர்க்காரர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தால் உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டால் போதும். குழந்தைக்குப் புரிந்துவிடும்.

கோவாலாவை ஒரு நிமிடம் தூக்கிய குழந்தை, "எனக்குப் பிடித்தது எல்லாம் என் கைக்கு வரவேண்டும்" என்று கற்றுக்கொள்கிறது. எட்ட நின்று பார்த்த குழந்தை, "எனக்குப் பிடித்தாலும், அதற்கும் ஒரு வாழ்வு உண்டு" என்று கற்றுக்கொள்கிறது. இரண்டாவது பாடம்தான் பெரிய பாடம். அது மிருகங்களோடு நிற்காது. மனிதர்களிடம் பழகும்போதும் உதவும்.

கோவாலாவைப் பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். ஆசை தீரப் பார்க்கட்டும். படம் எடுக்கட்டும். கையை மட்டும் கட்டிக்கொண்டு நிற்கட்டும். கோவாலா நிம்மதியாகத் தூங்கட்டும்!